டான்யூப்புக்கு மசக்கைச் சோறு

டான்யூப் ஆற்றுக்கு மசக்கைச் சோறு படைக்கலாமா கூடாதா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆடிப் பதினெட்டு வந்தால் ஆறு முழுகாமல் இருக்கும், முழுகாமல் இருப்பவளுக்கு வாய்க்கு ருசியாக நாலு சோறு கலந்து கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், அது பவானிக் கூடுதுறையாக இருந்தால் என்ன, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு வந்து சேர்ந்த சீமையாக இருந்தால் என்ன, ஓடுகிற தண்ணியெல்லாம் பொம்பளைதானே என்று, ஈரோட்டிலிருந்து கப்பல் உலாவுக்கு வந்திருந்த மஞ்சள் வியாபாரிகள் சங்கத்து வீட்டம்மாக்கள் முந்தின நாளே முடிவுகட்டிவிட்டார்கள். ஆற்றில் எதையும் போடக்கூடாது, போலீஸ் பிடிக்கும் என்று சுற்றுலா மேலாளர் ரமணன் கையைப் பிசைந்தான். மெட்ராஸ்காரப் பிள்ளை, பாவம், அவன் பேச்சை யார் கேட்டது. கடைசியில் ஒரே ஒரு வாழையிலைத் துண்டு, அதுவும் உள்ளங்கை அகலத்துக்கு, என்று பேசி முடித்தார்கள்.

விடிவதற்கு முன்னால் எழுந்து அந்தச் சோற்றைக் கலந்தவள் மாராத்தாள். சங்கச் செயலாளர் நாச்சிமுத்துவின் மனைவி. சங்கம் தன்னோடு அழைத்துவந்திருந்த சமையல்காரர் ரங்கண்ணனுக்குக் கப்பல் சமையலறையில் ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார்கள். அந்த மூலையில் நின்று புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்தையும் கிண்டி இறக்கி, ஆற்றுக்கு இலையில் எடுத்து வைக்கும் முன்னால் ஐந்தடுக்குத் தூக்குப்போசி ஒன்றை எடுத்து ஒவ்வொரு அடுக்கிலும் ஒவ்வொரு சோற்றை அமுக்கி அமுக்கி நிரப்பினாள். சாமிக்கு முன்னாடி யாருக்கம்மா எடுத்து வைக்கிறீங்க என்று ரங்கண்ணன் கேட்டிருக்கலாம். அவர் நாலு ஊர்ச் சமையல் பார்த்தவர், கேட்கவில்லை.

யாருக்கு என்றால் அவள் பெற்ற மகளுக்கு. மத்தியானம் மூன்று மணிக்குக் கப்பல் லிண்டன்ஹாஃபன் என்ற ஊரில் இரண்டு மணி நேரம் நிற்கும். அந்த ஊரில் புருசனோடு குடியிருக்கும் வினோதினி துறையில் ஏழு மாத வயிற்றோடு பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நிற்பாள். பால்காரி செல்லாளின் போனில் திருட்டுத்தனமாகப் பேசி இரண்டு மாதம் முன்பே இதை முடிவு செய்தாகிவிட்டது. ஆடி மாசம் பிறந்தால் ஊரெல்லாம் மகளை அழைத்து வந்து தலை வாரிப் பூ வைத்துச் சோறு போடுகிறது. தன் மகளுக்கு ஒரு வாய் போடுவதற்கு ஏழு கடல் தாண்டி வந்து பதுங்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே மாராத்தாள் போசியை இறுக்கி மூடினாள்.

வினோதினி செய்த குற்றம், கூடப் படித்த ஜெயசீலனைக் கட்டிக்கொண்டது. அவன், நாச்சிமுத்துவின் ஆட்கள் செருப்போடு நடந்துபோகிற, தண்ணி வாங்கிக் குடிக்காத தெருவில் பிறந்தவன். நாச்சிமுத்து அரிவாள் எடுக்கவில்லை. அப்படியெல்லாம் செய்கிற காட்டானா நான் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் செய்தது வேறு. மகளின் போட்டோவைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று நோட்டீஸ் அடித்தார். தோற்றம் என்று பிறந்த தேதியையும் மறைவு என்று கல்யாணத் தேதியையும் போட்டு, ஈரோட்டிலிருந்து கோபிவரை சுவரைப் பார்த்த இடமெல்லாம் ஒட்டினார். பங்காளிகளைக் கூப்பிட்டு வாசலில் நிற்கவைத்து ஆளுக்கு மூன்று சொம்பு தலையில் தண்ணி ஊற்றச் சொல்லி, உயிரோடு இருக்கிற பிள்ளையைத் தலைமுழுகினார். ஊத்திக்கோ என்று மாராத்தாளிடமும் சொம்பைக் கொடுத்தார்கள், அவளும் ஊற்றிக்கொண்டாள். வீட்டிலிருந்த போட்டோவையெல்லாம் எரித்த பிறகு, பஸ் ஸ்டாண்டுச் சுவரிலிருந்து அந்த நோட்டீஸ் ஒன்றைத் தண்ணி தெளித்துக் கிழியாமல் உரித்து எடுத்துவந்து வைத்துக்கொண்டாள், ஏனென்றால் பிள்ளையின் முகம் அதில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. நாலு வருசமாக அரிசி டிரம்முக்கு அடியில் கிடந்த அது இப்போது பாஸ்போர்ட் உறைக்குள் மடிந்து கிடக்கிறது.

பயணக் காகிதத்தில் லிண்டன்ஹாஃபன் என்ற பேரைப் பார்த்ததுமே நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. அங்கே கப்பல் நிற்கிற இரண்டு மணி நேரமும் நீ அறையை விட்டு வெளியே வரக்கூடாது, இறங்கினாயோ திரும்ப ஏறாதே என்று சொல்லிவைத்திருந்தார். மாராத்தாள் தலையாட்டினாள். முப்பத்திரண்டு வருசமாக ஆட்டிப் பழகிய தலை அது.

ஆக, காலை ஒன்பதரை மணிக்குக் கப்பல் கிரால்பர்க் பாலத்தை நெருங்கியது. மேல்தளத்தில் வழிகாட்டி ஹில்டா, நல்ல வெள்ளைச் சட்டையும் சிவப்புக் குடையுமாக, மைக்கில் கதை சொன்னாள், ரமணன் தமிழில் சொன்னான்: இந்தக் கோட்டையில் ஒரு பிரபு இருந்தார், அவருடைய மகன் உர்சுலா என்ற ஏழைப் பெண்ணை ரகசியமாக மணந்துகொண்டான், மகன் வேட்டைக்குப் போன நேரம் பார்த்துப் பிரபு மருமகளைக் கையைக் கட்டி இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளச் சொன்னார், பிறகு மனம் வருந்தி அவள் நினைவாக ஒரு தேவாலயம் கட்டினார், நானூற்றுப் பதினெட்டு வருசமாக இது எங்கள் ஊரின் அமரக் காதல். ஹில்டா சொல்லி முடித்து, உர்சுலாவின் முகம் அச்சடித்த சாக்லேட் டப்பாவை ஆளுக்கொன்று கொடுத்தாள்.

அதே நேரம் கீழ்த்தளத்தின் பின்படியில் வீட்டம்மாக்கள் சுற்றி நிற்க மாராத்தாள் குனிந்து, மஞ்சள் பிள்ளையாரும் காதோலை கருகமணியும் ஐந்து சோறும் வைத்த அந்த உள்ளங்கை இலையைத் தண்ணியில் விட்டு, வருசா வருசம் கூடுதுறையில் சொல்வதைச் சொன்னாள்.

"தாயி, மசக்கைக்குத் தின்னுக்கோ. வயித்துல இருக்கறதைக் கோளாறில்லாம பெத்துக் குடுத்துரு."

காவேரிக்கு இந்த வார்த்தை பழகிப்போன வார்த்தை, கேட்டுக்கொண்டு அது பாட்டுக்குப் போய்விடும். டான்யூப்புக்குப் பழக்கமில்லை. அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று நானூற்றுப் பதினெட்டு வருசமாக ஒருத்தரும் விசாரித்ததில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. கேட்டதும் கொடுத்துவிட்டது. பாலத்தின் நிழல் விழுந்த இடத்தில் தண்ணி ஒருதரம் புரண்டு விலக, இருபது வயசுப் பெண்ணொருத்தி, கைகள் பின்னால் கட்டியபடி, கன்னத்தில் மாராத்தாள் விட்ட மஞ்சள் ஒட்டியிருக்க, படியருகே வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

புள்ளைக்குக் குளிருது, துண்டு எடுங்கடி என்றாள் மாராத்தாள். துண்டு வந்தது. சத்தம் கேட்டு இறங்கிவந்த ரமணன் கயிற்று முடிச்சை அவிழ்க்கக் கத்தி தேடி ஓடினான். மண்டியில் மஞ்சள் மூட்டை முடிச்சை முப்பது வருசம் அவிழ்த்தவளுக்குக் கத்தி எதற்கு, பல்லால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள், கழன்றது. சாம்பிராணி போட்டார்கள், மாற்றுச் சேலை கட்டிவிட்டார்கள், ரங்கண்ணன் மிளகும் மஞ்சளும் தட்டிப் பால் காய்ச்சிக் கொடுத்தார். எல்லாம் ஆகியும் அவள் மேலிருந்து தண்ணி சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. எந்தச் சேலையைக் கட்டினாலும் கால் மணியில் நனைந்து, நின்ற இடத்தில் குட்டை கட்டியது. கப்பல்காரர்கள் ஒரு பையனிடம் துடைப்பானையும் வாளியையும் கொடுத்து அவள் பின்னாலேயே போகச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். அவள் பேசியது எந்தப் பாஷை என்று யாருக்கும் தோன்றவில்லை, எல்லாருக்கும் புரிந்தது. நம் சோற்றைத் தின்றுவிட்டு ஆறு பெற்ற பிள்ளைக்குப் பாஷை ஒரு கேடா.

ரமணனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. நாற்பத்திரண்டு பேரைக் கூட்டி வந்தவன் நாற்பத்திரண்டு பேரைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இப்போது நாற்பத்துமூன்று. மூன்று தரம் எண்ணினான், மூன்று தரமும் ஒன்று கூடவே வந்தது. கப்பல் தலைவரிடம் கேட்டதற்கு, உங்கள் கூட்டத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வந்தவள் உங்கள் கூட்டத்து ஆள்தான் என்று சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குக் கரையிறங்கிக் கோட்டைத் தேவாலயம் பார்க்கப் போனார்கள், உர்சுலாவும் கூடப் போனாள். அவள் பேரில் கட்டிய தேவாலயத்துக்குள் நுழைய அவளுக்கும் டிக்கெட் எடுக்கவேண்டும் என்று வாசல்காரன் ஒற்றைக்காலில் நின்றான், எடுத்தார்கள். உள்ளே வெள்ளைச் சலவைக்கல்லில் அவள் படுத்திருந்தாள், சிரித்த முகம், நெஞ்சின் மேல் கூப்பிய கை, காலடியில் ஒரு நாய்க்குட்டி. உர்சுலா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, என் கை இப்படி இல்லை, பின்னால் கட்டியிருந்தது என்றாள். ஹில்டாவின் முகம் சிவந்துபோனது. அவள் நல்லவள்தான், ஆனால் மனப்பாடம் செய்த கதையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், மாமனார் பிறகு மிகவும் வருந்தினார் என்று இன்னொரு தரம் சொன்னாள். அவர் தினமும் காலையில் இங்கே வந்து முழங்காலிட்டுவிட்டுப் போய் நன்றாகச் சாப்பிடுவார், தண்ணிக்கு அடியில் சாப்பாட்டு மணிச் சத்தம் கேட்கும் என்று உர்சுலா பதில் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சங்கத்துக்காரர்களுக்குத்தான் கோபம் பொங்கியது. அடப்பாவி, அடச் சண்டாளா, பெத்த மகன் கட்டிக்கிட்டு வந்த பொண்ணை இப்படியுமா செய்வான் ஒருத்தன் என்று ஆளாளுக்கு நெஞ்சில் கைவைத்துக் கொதித்தார்கள். கூட வந்திருந்த டாக்டர் வீட்டம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உர்சுலாவின் தோளை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லாரையும் விட அதிகமாகக் கொதித்தவர் நாச்சிமுத்து. அந்த மாமனுடைய கல்லறை எங்கே இருக்கிறது, காறித் துப்பிவிட்டு வருகிறேன் என்று ஹில்டாவிடம் கேட்டார். மாராத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள். நடிப்பில்லை, நிசமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குள் முப்பத்திரண்டு வருசமாக மூடிக் கிடந்த ஏதோ ஒன்று கொதிக்க ஆரம்பித்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கப்பலில் உட்கார்ந்தார்கள். உங்கப்பா என்ன தொழில் பண்ணினாரு கண்ணு என்று டாக்டர் வீட்டம்மா வாஞ்சையாகக் கேட்க, தோல் பதனிடுகிறவர் என்று உர்சுலா சொன்னாள். டாக்டர் வீட்டம்மாவின் கை அவள் தோளிலிருந்து இறங்கியது. வேறு காரணமாக இறங்கியதுபோல மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தது. அது அந்தக் காலமுங்க, தொழில்ல என்ன இருக்குது என்று யாரோ சொல்ல, ஆமாமுங்க ஆமாமுங்க என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சாப்பாடு வந்தபோது நாற்பத்திரண்டு பேருக்கும் பீங்கான் தட்டில் வந்தது, உர்சுலாவுக்குப் பேப்பர் தட்டில் வந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. யாரும் சொல்லியிருக்கவே வேண்டாம். நானூற்றுப் பதினெட்டு வருசம் தண்ணிக்குள் கிடந்து வந்தவளுக்கும் ஒரு பேப்பர் தட்டைத் தேடி எடுத்து வைக்க இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதே, எங்கே போய் விளங்குவது. மாராத்தாள் தன் பீங்கான் தட்டை உர்சுலாவின் பக்கம் தள்ளிவிட்டுப் பேப்பர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாச்சிமுத்து பார்த்தும் பார்க்காததுபோல ரசத்தைக் குடித்தார்.

மஞ்சள் வியாபாரிகள் சங்கம் கூடினால் தீர்மானம் போடாமல் கலையாது, அது அவர்கள் வழக்கம். காசிக்குப் போனபோதும் போட்டார்கள், கொடைக்கானலில் மழை பெய்தபோதும் போட்டார்கள். பாயசம் முடிந்ததும் நாச்சிமுத்து கரண்டியால் டம்ளரைத் தட்டிவிட்டு எழுந்து நின்று, மனசுக்குப் பிடித்தவனைக் கட்டியதற்காக ஒரு பெண்ணைத் தண்ணியில் தள்ளினவன் மனுசனே கிடையாது, அவனுக்குத் துணை நின்ற ஊரும் ஊரே கிடையாது, இதை இந்தச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது, இந்த நாட்டு அரசாங்கம் பகிரங்க மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று முழங்கினார். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், எல்லாரும் கைதட்டினார்கள். கப்பலின் உயர்தரக் காகிதத்தில் ரமணன் அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுக்க, நாச்சிமுத்து முதல் கையெழுத்தைப் போட்டார். காகிதம் மேசை மேசையாகப் போய், கடைசியில் மாராத்தாளிடம் வந்து நின்றது.

அவள் பேனாவை வாங்கவில்லை. பாஸ்போர்ட் உறையைத் திறந்து, மடிப்பு மடிப்பாகப் பசை காய்ந்த அந்த நோட்டீசை எடுத்து, தீர்மானத்தின் மேல் விரித்து வைத்துக் கையால் நீவிவிட்டாள். கண்ணீர் அஞ்சலி. பூப்போட்ட வளையத்துக்குள் வினோதினி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தருக்கும் அது புதுசில்லை. பாதிப் பேர் அன்றைக்கு வாசலில் நின்று மூன்று சொம்பு ஊற்றிக்கொண்டவர்கள், மீதிப் பேர் சுவரில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனவர்கள். அதை மடிச்சு வை என்று நாச்சிமுத்து பல்லுக்குள் சொன்னார். யாருக்கோ புரையேறியது.

உர்சுலா எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். அவள் முடியிலிருந்து சொட்டின தண்ணி, நோட்டீசுக்கு வெளியே தெரிந்த கையெழுத்துகளின் மேல் விழுந்து மை பரவியது.

"இவளை எந்தப் பாலத்திலிருந்து தள்ளினீர்கள்?" என்று கேட்டாள்.

துடைப்பான் பிடித்திருந்த பையன் துடைப்பதை நிறுத்திவிட்டான்.

"பாலமெல்லாம் இல்லீங் அம்மிணி," என்றாள் மாராத்தாள். "ஊட்டு வாசல்லயே முடிச்சுட்டோம். இந்தா உக்காந்துருக்கறாரே, இவருதான் நோட்டீஸ் அடிச்சாரு. இவியெல்லாம் தண்ணி ஊத்திக்கிட்டாங்க. நானும் மூணு சொம்பு ஊத்திக்கிட்டேன். உன்னையத் தள்ளுனவனாச்சும் ஒரு கோயலைக் கட்டுனான். நாங்க அதுகூடக் கட்டலை, கப்பலேறி உன்னையப் பாத்து அழுவறக்கு வந்துட்டோம்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு, இதை நாலு வருசத்துக்கு முன்னால் அந்தச் சொம்பைக் கையில் வாங்கும்போதே சொல்லியிருக்கவேண்டும், சொல்லாமல் நனைந்துகொண்டு நின்றோமே என்று தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்போது கப்பல் ஊதியது. சன்னலுக்கு வெளியே லிண்டன்ஹாஃபன் துறை தெரிந்தது, துறையில் பச்சையாக ஒரு சேலை தெரிந்தது.

நாச்சிமுத்து எழுந்து வழியை மறித்தார். "எறங்குனா திரும்ப ஏறக்கூடாதுன்னு சொன்னது ஞாபகமிருக்குதா?"

"நல்லா இருக்குதுங்க. அதுக்குத்தான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டேன்."

தூக்குப்போசியைத் தேடிச் சமையல் மூலைக்குப் போனால், ரங்கண்ணன் அதைக் கவிழாமல் துண்டில் சுற்றி, மேலே ஒரு சின்ன ஊறுகாய்ப் பாட்டிலும் வைத்து, நீட்டினார். திரும்பி வந்து, குட்டைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த உர்சுலாவின் கையைப் பிடித்து, நாச்சிமுத்துவின் நாற்காலிக்குப் பக்கத்தில், முப்பத்திரண்டு வருசமாகத் தான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவைத்தாள். இது என்ற எடம் அம்மிணி, இனி உன்றது, கப்பல் எங்க போனாலும் அவரு எங்க போனாலும் நீ பக்கத்தை உட்டு நகராதே என்றாள். உர்சுலா சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தாள். நாச்சிமுத்துவின் செருப்புக்குள் தண்ணி இறங்கியது.

மாராத்தாள் தனியாகத்தான் இறங்கினாள். கண்டனத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு பேரில் ஒருத்தர் கூட இறங்கவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டார்களாம். சன்னலோரம் நின்று சிலர் போட்டோ எடுத்தார்கள்.

துறையில் ஒரு மரப் பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். ஜெயசீலன் தள்ளி நின்றான், மாமியாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வா சாமி, இங்க வந்து உக்காரு, உனக்கும் இருக்குது என்று அவளே கூப்பிட்டாள். அடுக்கு அடுக்காகக் கழற்றி வைத்து, தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களில் பாதியைக் கழற்றி மகள் கையில் ஏற்றிவிட்டு, உருட்டி உருட்டி உள்ளங்கையில் வைத்தாள். வினோதினி அழுதுகொண்டே தின்றாள், தின்றுகொண்டே அழுதாள். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

ஐந்து மணிக்குக் கப்பல் ஊதியது. மேல்தளத்தில் ரமணன் காகிதத்தை வைத்துக்கொண்டு ஆட்களை எண்ணுவது துறைவரை கேட்டது. காலையிலிருந்து முதல் முறையாக அவனுக்குக் கணக்குச் சரியாக வந்தது, நாற்பத்திரண்டு, நிம்மதியாகக் கையைத் தூக்கிக் காட்டினான், பலகையை இழுத்துக்கொண்டார்கள். சன்னலுக்குள் நாச்சிமுத்து எழுந்து வேறு நாற்காலிக்குப் போய் உட்கார்வது தெரிந்தது. உர்சுலா எழுந்து வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் இன்னொரு நாற்காலிக்குப் போனார். அவளும் போனாள். வாளிக்காரப் பையன் அலுத்துப்போய்த் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டான்.

வினோதினி எள்ளுச்சோற்றை வாயில் வைத்தபடியே கப்பலைப் பார்த்தாள். "அப்பா எறங்கலியாம்மா?"

"உங்கப்பனுக்கு இன்னும் தண்ணி பத்தலை சாமி," என்று மாராத்தாள் அடுத்த உருண்டையை எடுத்தாள். "நீ சாப்புடு."